இரண்டு கவுண்டர், ஒரே அறை: வெப் அப்ளிகேஷனில் ரெக்கார்டு லாக்கிங் முழுமையான வழிகாட்டி

வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜுக்கு அறைப் பதிவு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். ஓட ஆரம்பித்த மூன்றாவது வாரம், இரவு ஒன்பது மணி இருக்கும், மேனேஜர் போன் செய்தார். "தம்பி, உடனே கொஞ்சம் வாங்க. 204ஐ ரெண்டு பேருக்குப் போட்டிருக்கு." போய்ப் பார்த்தால் மாடிப்படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. பக்கத்தில் மகன் ரசீதை நீட்டியபடி நிற்கிறார். அறைக்குள் இன்னொரு குடும்பம் ஏற்கெனவே பெட்டியைப் பிரித்துவிட்டது. அவர்களிடமும் ரசீது இருக்கிறது. இரண்டிலும் அதே அறை, அதே தேதி. நேரம்தான் சில நொடி வித்தியாசம். கொல்கத்தாவிலிருந்தும் அகர்தலாவிலிருந்தும் நாள்கணக்கில் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று களைத்தவர்கள் தங்குகிற தெரு அது. அவர்களில் ஒருவரைப் படியில் உட்கார வைத்தது நான் எழுதிய நான்கு வரி.

அதற்கு முன்னால் அந்த லாட்ஜில் தடித்த அட்டை போட்ட லெட்ஜர் ஒன்று இருந்தது. அது ஒருவர் கையில் இருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். பக்கம் புரட்டி, ஆணியில் சாவி தொங்குகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் ரசீது. பூட்டு என்று யாரும் பெயர் வைக்காமலே அந்த லெட்ஜர் பூட்டாக வேலை செய்திருக்கிறது. கம்ப்யூட்டர் வந்ததும் இரண்டு கவுண்டரிலும் லெட்ஜர் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறது. சாவியை ரசீதுக்குப் பிறகுதான் தேடுகிறார்கள். ஒருவர் கை வைத்திருக்கும் பதிவை (டேபிளின் ஒரு வரியை) மற்றவர் மாற்றாமல் தடுப்பதுதான் ரெக்கார்டு லாக்கிங். அந்தக் கட்டுப்பாட்டை டேட்டாபேஸுக்குள் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று படிப்படியாகப் பார்ப்போம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். டேபிள், காலம் (நேரம் அல்ல, டேபிளின் column) பெயர்களைத் தமிழில் தருகிறேன். உங்கள் ப்ராஜெக்டில் உள்ள பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: பிழையைக் கண்ணால் பாருங்கள்

ஒரே டேட்டாபேஸுக்கு இரண்டு டெர்மினல் திறந்துகொள்ளுங்கள். ஒரு விருந்தாளியின் முன்பணம் 3,000 ரூபாய் என்று வையுங்கள். முதல் கவுண்டரில் 1,000 கட்டுகிறார் மகன். அதே நேரம் இரண்டாவது கவுண்டரில் 500 கட்டுகிறார் மருமகள். இரண்டு பக்கமும் முதலில் செலக்ட் செய்கிறீர்கள் (படிக்கும் கட்டளை), இரண்டுக்கும் 3,000 வருகிறது. ஒருவர் கணக்குப் போட்டு 4,000 என்று எழுதுகிறார். அடுத்தவர் 3,500 என்று எழுதுகிறார். கடைசியில் டேபிளில் நிற்பது 3,500. ஆயிரம் ரூபாய் எங்கேயும் இல்லை, எந்த எரரும் வரவில்லை. இதைத்தான் லாஸ்ட் அப்டேட் என்கிறார்கள்.

இப்போது இரண்டு பக்கமும் பிகின் (தொடக்கம்), கமிட் (உறுதி செய்து முடித்தல்) போட்டு, அதாவது ஒன்றாக நடக்க வேண்டிய கட்டளைகளின் கட்டான டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்து, அதையே திரும்பச் செய்து பாருங்கள். மைஎஸ்க்யூஎலில் வழக்கமான ஐசொலேஷன் (ஒருவர் மாற்றுவது மற்றவருக்கு எவ்வளவு தெரியும் என்ற அளவு) ரிப்பீட்டபிள் ரீட். போஸ்ட்கிரெஸில் ரீட் கமிட்டட். இரண்டிலும் அந்த ஆயிரம் மறுபடி காணாமல் போகும். டிரான்ஸாக்‌ஷன் போட்டாலே போதும் என்று நானும் பல நாள் நம்பியிருந்தேன். போஸ்ட்கிரெஸில் ரிப்பீட்டபிள் ரீட் ஆக மாற்றினால் மட்டும் இரண்டாவது அப்டேட் 40001 என்ற எரரோடு நின்றுவிடும். அப்போதும் அதைப் பிடித்து மறுபடி ஓட்டும் வேலை உங்களுடையது.

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்கள் டேபிளின் என்ஜினையும் (டேபிளைச் சேமித்துக் கையாளும் பகுதி) ஒருமுறை பார்த்துவிடுங்கள். 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபிதான் வழக்கம், ஆனால் பழைய சர்வரிலிருந்து எடுத்து வந்த டேபிள் மைஐசாமாகவே கிடக்கலாம். அதில் டிரான்ஸாக்‌ஷனும் இல்லை, தனிப் பதிவைப் பூட்டும் வசதியும் இல்லை. கீழே சொல்வதில் பாதி அங்கே செல்லாது.

இரண்டாம் படி: பூட்டே வேண்டாத இடத்தைப் பிரித்தெடுங்கள்

எடுத்தவுடன் பூட்டைத் தேடாதீர்கள். முன்பண விஷயத்தில் தொகையை வெளியே கொண்டுவந்து கூட்டி உள்ளே அனுப்பியதுதான் கோளாறு. "அப்டேட் கணக்கு செட் முன்பணம் = முன்பணம் + 500" என்று டேபிளுக்குள்ளேயே கூட்டச் சொன்னால் முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து வந்தாலும் டேட்டாபேஸ் ஒருவரை நிறுத்தி வைத்து வரிசையாகச் செய்யும். வெப் ஃபிரேம்வொர்க்குகளான ஜாங்கோவில் எஃப் எக்ஸ்பிரஷன், லாராவெலில் இன்க்ரிமென்ட் எல்லாம் இதற்குத்தான்.

204 விஷயத்தில் நான் எழுதியிருந்த நான்கு வரி இப்படி: அறையின் நிலையைப் படி, காலி என்றால், நிலையை 'பிடித்தது' என்று மாற்று, ரசீது போடு. படிப்பதற்கும் மாற்றுவதற்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் அடுத்த கவுண்டர் நுழைந்தது. திருத்தம் ஒரே வரி ('வேர்' என்பது where, அதாவது நிபந்தனை):

அப்டேட் அறைகள் செட் நிலை = 'பிடித்தது' வேர் எண் = 204 அண்ட் நிலை = 'காலி'

கேள்வியும் மாற்றமும் ஒரே கட்டளைக்குள் வந்துவிட்டன. இதை ஓட்டியதும் எத்தனை பதிவு மாறியது என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். 1 என்றால் அறை உங்களுடையது, ரசீது போடலாம். 0 என்றால் வேறு யாரோ பிடித்துவிட்டார்கள். இரண்டாவதாக வந்த அப்டேட் முதலாவது கமிட் ஆகும்வரை காத்திருந்து, நிபந்தனையைப் புதிதாகச் சரிபார்க்கும் என்பதால் இரண்டு பேருக்கும் 1 வர வழியில்லை. அந்த எண்ணிக்கையைப் படிக்காமல் விடுகிற கோடு (code) நிறையப் பார்க்கிறேன். அதைப் படிக்காவிட்டால் இந்த நிபந்தனையைச் சேர்த்ததற்கு அர்த்தமே இல்லை.

ஒரு எச்சரிக்கை: மைஎஸ்க்யூஎல் வழக்கமாகத் திருப்பித் தருவது உண்மையில் மாறிய பதிவுகளின் எண்ணிக்கை. இருந்த மதிப்பையே திரும்ப எழுதினால் 0 வரும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாம் படி: தேதி வந்துவிட்டால் டேட்டாபேஸிடமே விதியைக் கொடுங்கள்

முன்பதிவு வந்ததும் 'காலி' என்ற ஒற்றைச் சொல் போதாது. 204 இன்று காலி, வியாழக்கிழமை இல்லை. பூட்டுவதற்குப் பதிவே இன்னும் பிறக்கவில்லை, அதுதான் இங்கே சிக்கல். இல்லாத பதிவை எப்படிப் பூட்டுவது?

எளிய வழி, ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பதிவு. அறை எண், தேதி இரண்டையும் சேர்த்து யூனிக் கீ (ஒரே மதிப்பு இரண்டு முறை வர விடாத விதி) போடுங்கள். மூன்று இரவு என்றால் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் மூன்று இன்செர்ட். ஒன்று மோதினாலும் மைஎஸ்க்யூஎலில் 1062, போஸ்ட்கிரெஸில் 23505 என்ற எரர் வரும். மொத்தத்தையும் ரோல்பேக் செய்யுங்கள், அதாவது செய்ததைப் பழையபடி திருப்பிவிடுங்கள். முன்கூட்டியே செலக்ட் போட்டுப் பார்ப்பது திரையில் காட்டுவதற்கு மட்டும்தான். தீர்ப்பு சொல்வது யூனிக் கீ.

ஆனால் 24 மணி நேர செக்அவுட் வைத்திருக்கும் லாட்ஜில் இது ஓடாது. காலை ரயிலில் வந்தவர் ஆறு மணிக்கு அறை எடுப்பார், இன்னொருவர் மாலை நாலரைக்கு எடுப்பார். தேதி என்ற கட்டத்துக்குள் இரண்டும் அடங்காது. இங்கே போஸ்ட்கிரெஸ் கையில் இருப்பவர்களுக்கு நல்ல வசதி உண்டு: 9.2 பதிப்பில் வந்த ரேஞ்ச் டைப்பும் (தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஒரே மதிப்பு), எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்டும். 'ஒரே அறைக்கு இரண்டு நேர இடைவெளி ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது' என்ற விதியை டேபிளிலேயே எழுதிவிடலாம். அறை எண்ணையும் அதில் சேர்க்க பிட்ரீ ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷனை ஆன் செய்ய வேண்டும். ரேஞ்சின் தொடக்கம் சேர்த்தி, முடிவு சேர்த்தி இல்லை என்று வையுங்கள். அப்போதுதான் நாலரைக்குக் காலி செய்பவரும் நாலரைக்கு உள்ளே வருபவரும் மோத மாட்டார்கள். மைஎஸ்க்யூஎலில் இந்த வசதி கிடையாது. அங்கே அறைகள் டேபிளில் உள்ள 204ஆம் பதிவை முதலில் பூட்டிவிட்டு, பிறகு மோதல் இருக்கிறதா என்று தேடி, பிறகு இன்செர்ட் செய்ய வேண்டும். அந்தப் பூட்டு அடுத்த படியில்.

நான்காம் படி: பிடித்து வைக்கும் பூட்டு

பெஸிமிஸ்டிக் லாக்கிங் என்பார்கள். செலக்ட் கட்டளையின் கடைசியில் 'ஃபார் அப்டேட்' என்று சேர்த்தால், நீங்கள் கமிட் அல்லது ரோல்பேக் செய்யும்வரை அந்தப் பதிவை வேறு யாரும் மாற்ற முடியாது. சாதாரண செலக்ட் போட்டுப் படிப்பவர்கள் தடையில்லாமல் படிப்பார்கள். ஜாங்கோவில் செலக்ட் ஃபார் அப்டேட் என்றும் லாராவெலில் லாக் ஃபார் அப்டேட் என்றும் இதே வசதி இருக்கிறது.

இது எங்கே வேண்டும்? ஒரு முடிவு எடுக்க இரண்டு மூன்று பதிவுகளைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டிய இடத்தில். உதாரணம், அறை மாற்றம். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்குப் படி ஏற முடியாது, 310லிருந்து 102க்கு மாற்ற வேண்டும். பழைய அறைக்கு இதுவரை ஆன வாடகை, புதிய அறையின் வாடகை, மீதி முன்பணம், எல்லாம் சேர்ந்து ஒரே முடிவு. டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து, இரண்டு அறைகளையும் கணக்கையும் ஃபார் அப்டேட்டோடு படித்து, கணக்கிட்டு, எழுதி, கமிட். மைஎஸ்க்யூஎலில் அந்தப் பூட்டும் செலக்ட்டையே முதல் வாசிப்பாக வையுங்கள். முன்னால் சாதாரண செலக்ட் போட்டிருந்தால் அது பழைய ஸ்னாப்ஷாட்டின் (அந்த நேரத்து நிலையின்) மதிப்பு, அதை வைத்துக் கணக்குப் போட்டால் பூட்டியும் பயனில்லை.

வேர் பகுதியில் வரும் காலமுக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இன்னோடிபி பூட்டுவது அது கடந்து போகும் இன்டெக்ஸ் பதிவுகளை. ரிப்பீட்டபிள் ரீடில் இன்டெக்ஸ் இல்லாத காலமில் தேடினால் டேபிள் முழுவதையும் பூட்டிக்கொண்டு போகும். ஒரு அறையைப் பூட்டப் போய் நாற்பது அறையும் நிற்கும். கவுண்டரில் இருப்பவர் 'நெட்டு ஸ்லோ' என்று நினைத்து ரீஃப்ரெஷ் அடிப்பார், நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்தது டெட்லாக். ஒருவர் 310லிருந்து 102க்கு மாற்றுகிறார், 310ஐப் பூட்டிவிட்டு 102க்குக் காத்திருக்கிறார். அதே நொடி இன்னொருவர் 102லிருந்து 310க்கு மாற்றுகிறார், 102ஐப் பூட்டிவிட்டு 310க்குக் காத்திருக்கிறார். இருவரும் நகர முடியாது. தடுக்க ஒரு வழக்கம் போதும்: எந்த வேலையாக இருந்தாலும் சிறிய எண்ணை முதலில் பூட்டு. 102, அப்புறம் 310, எப்போதும். எல்லா புரோகிராமரும் இதே வரிசையைப் பிடித்தால் அறைகளுக்குள் டெட்லாக் வராது. பல டேபிள் இருந்தால் அவற்றுக்கும் ஒரு வரிசை எழுதி வையுங்கள்: முதலில் அறை, அப்புறம் கணக்கு, கடைசியில் விருந்தாளி.

அப்படியும் வந்தால் டேட்டாபேஸே கண்டுபிடித்து ஒரு டிரான்ஸாக்‌ஷனைக் கொல்லும். மைஎஸ்க்யூஎலில் அது 1213. முழு டிரான்ஸாக்‌ஷனும் ரோல்பேக் ஆகியிருக்கும், ஆகவே முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். இதோடு 1205ஐக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது காத்திருந்து நேரம் முடிந்தது என்ற எரர். வழக்கமான அமைப்பில் அந்த ஒரு கட்டளை மட்டும்தான் ரத்தாகும், டிரான்ஸாக்‌ஷன் அப்படியே திறந்து கிடக்கும். நீங்களாக ரோல்பேக் செய்யாவிட்டால் ஏற்கெனவே பிடித்த பூட்டுகளோடு அது உட்கார்ந்திருக்கும்.

காத்திருக்கும் நேரமும் நீங்கள் வைக்க வேண்டியதுதான். இன்னோடிபியில் வழக்கமாக 50 நொடி. ஆள் எதிரே நிற்கும்போது 50 நொடி என்பது மிக அதிகம், நான் 4 வைக்கிறேன். போஸ்ட்கிரெஸில் லாக் டைம்அவுட் வழக்கமாக 0, அதாவது எல்லையே இல்லை. அங்கே கட்டாயம் ஒரு எண் வையுங்கள். காத்திருக்கவே வேண்டாம் என்றால் 'நோவெயிட்' சேருங்கள், உடனே எரர் வரும். 'இந்த வாடகையில் ஏதாவது ஒரு காலி அறை' என்று கேட்டால் 'ஸ்கிப் லாக்டு' அருமை. அடுத்தவர் கை வைத்திருக்கும் பதிவைத் தாண்டி அடுத்ததை எடுத்துத் தரும். போஸ்ட்கிரெஸ் 9.5லிருந்தும் மைஎஸ்க்யூஎல் 8.0லிருந்தும் இது உண்டு.

எஸ்எம்எஸ் அனுப்புவது, பேமென்ட் கேட்வேயைக் கூப்பிடுவது, பிடிஎஃப் தயாரிப்பது, இவை எதுவும் பூட்டுக்குள் வரக் கூடாது. கமிட் செய்துவிட்டு அனுப்புங்கள். வெளியே இருக்கும் சர்வர் பதில் சொல்லும்வரை உங்கள் அறையைப் பூட்டி வைப்பது நியாயமில்லை.

ஐந்தாம் படி: ஃபார்ம் திறந்திருக்கும்போது என்ன செய்வது

மேலே சொன்ன பூட்டு ஒரு ரெக்வெஸ்ட்டுக்குள் (பிரவுசர் சர்வரை ஒருமுறை கூப்பிடுவது) பிறந்து அதற்குள்ளேயே சாக வேண்டும். ஒருவர் ஃபார்மைத் திறந்து, டைப் செய்து, நடுவில் டீ குடித்து, சேவ் அழுத்துவது இரண்டு தனி ரெக்வெஸ்ட். அவ்வளவு நேரம் டேட்டாபேஸ் பூட்டைப் பிடித்து வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

இங்கே நடந்த இன்னொரு சம்பவம். வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் நம் ஊரில் நிறையத் தங்குகிறார்கள். வெளிநாட்டினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும். ஒரு விருந்தாளியின் பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தப்பு. முதல் கவுண்டரில் அதைத் திருத்திச் சேவ் செய்தார்கள். இரண்டாவது கவுண்டரில் அதே பக்கம் முன்பே திறந்திருந்தது, அங்கே போன் நம்பரை மட்டும் மாற்றிச் சேவ் செய்தார்கள். என் கோடு எல்லா காலமையும் சேர்த்து எழுதியதால் பழைய தப்பு எண் திரும்ப வந்து உட்கார்ந்தது. நல்லவேளை, அனுப்பும் முன் மேனேஜர் கவனித்தார்.

இதற்கு ஆப்டிமிஸ்டிக் லாக்கிங். 1981ல் குங், ராபின்சன் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து பெயர் பெற்ற முறை. டேபிளில் 'வெர்ஷன்' என்று ஒரு முழு எண் காலம் சேருங்கள். ஃபார்மைத் தரும்போது அந்த எண்ணையும் ஹிட்டன் ஃபீல்டாகக் கொடுத்தனுப்புங்கள். சேவ் செய்யும்போது:

அப்டேட் விருந்தாளி செட் போன் = புதியது, வெர்ஷன் = வெர்ஷன் + 1 வேர் எண் = 57 அண்ட் வெர்ஷன் = 8

எண்ணிக்கை 1 வந்தால் சேவ் ஆனது. 0 வந்தால் நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது பதிவு நீக்கப்பட்டிருக்கிறது. ரெயில்ஸில் 'லாக் வெர்ஷன்' என்ற காலம் இருந்தாலே இது தானாக நடக்கும். ஹைபர்நேட்டில் வெர்ஷன் அனொட்டேஷன். ஏபிஐ எழுதுபவர்கள் இதே எண்ணை ஈடேக்காக அனுப்பி, திரும்ப இஃப் மேட்ச் ஹெடரில் வாங்கி, பொருந்தாவிட்டால் 412 என்ற எரர் சொல்லலாம்.

வெர்ஷனுக்குப் பதிலாக 'கடைசியாக மாற்றிய நேரம்' காலமை ஒப்பிடும் பழக்கம் உண்டு. நொடி வரை மட்டும் பதியும் காலம் என்றால் ஒரே நொடிக்குள் நடந்த இரண்டு மாற்றத்தை அது பார்க்காது. எண்ணே நல்லது.

கோடு இத்தோடு முடிந்தாலும் வேலை முடியவில்லை. 0 வந்தால் முதலில் சிவப்பில் 'கான்ஃப்ளிக்ட்' என்று மட்டும் காட்டினேன். கவுண்டரில் இருக்கும் அக்கா அடுத்த நாளே கேட்டார்: "தம்பி, சிவப்புல என்னமோ வருது, நான் அடிச்சதெல்லாம் போயிடுச்சு. யாரு மாத்தினாங்க, என்ன மாத்தினாங்கன்னு சொன்னா நான் பார்த்துக்குவேன் இல்ல?" அவர் கேட்டதுதான் சரியான வடிவமைப்பு. இப்போது திரை சொல்வது: 'இந்தப் பதிவை 7.42க்கு இரண்டாம் கவுண்டரில் மாற்றியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் எண் மாறியிருக்கிறது. நீங்கள் மாற்றியது போன் நம்பர். இரண்டையும் சேர்த்துச் சேவ் செய்யவா?' அவர் டைப் செய்தது எதுவும் அழிவதில்லை. இரண்டு பேரும் ஒரே காலமை மாற்றியிருந்தால் மட்டும் இரண்டு மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

ஆறாம் படி: பத்து நிமிடத் துண்டு

பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போடுகிற மாதிரி. ஆன்லைனில் அறையைத் தேர்ந்தெடுத்தவர் பணம் கட்டும்வரை அறை அவருக்காக இருக்க வேண்டும். 'பிடித்தவர்', 'எதுவரை' என்று இரண்டு காலம் சேர்த்து, இரண்டாம் படியில் பார்த்த அதே நிபந்தனை அப்டேட்டை எழுதுங்கள்: நிலை காலி, அதோடு 'எதுவரை' வெறுமையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இப்போதைய நேரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிடித்தவர் நானே. இந்த மூன்றையும் அடைப்புக்குறிக்குள் வைக்க மறக்காதீர்கள். காலாவதியை அந்த நிபந்தனையே பார்த்துக்கொள்வதால் துண்டை எடுக்கத் தனியாக கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வேண்டாம். நேரத்தை டேட்டாபேஸிடமே கேளுங்கள். இரண்டு வெப் சர்வர் இருந்தால் இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது.

காட்பாடி வருவதற்கு முன் ரயிலிலிருந்தே புக் செய்பவர்களுக்கு சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பணம் போய்விடும், பதில் பதினோராவது நிமிடம் வரும், அதற்குள் அறை வேறொருவர் கையில் இருக்கும். ஆகவே பணம் வந்த தகவல் கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு உறுதி செய்யாதீர்கள். 'பிடித்தவர் இன்னும் இவரே' என்ற நிபந்தனையோடு மறுபடி அப்டேட் செய்யுங்கள். 0 வந்தால் அதே மாதிரி வேறு அறை, அதுவும் இல்லையென்றால் பணத்தைத் திருப்பும் வேலையைத் தானாகத் தொடங்குங்கள். அதே ஆள் பட்டனை இரண்டு முறை அழுத்துவதும் உண்டு. ஒவ்வொரு ஃபார்முக்கும் ஒரு டோக்கன் கொடுத்து அதற்கு யூனிக் கீ போட்டுவிட்டால் போதும்.

ஏழாம் படி: மொத்தமாக மாற்றும் நாள்

2019ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. முகவரியில் மாவட்டப் பெயரை மாற்ற வேண்டிய பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால், ஒரே அப்டேட்டில் மாற்றாதீர்கள். அது முடியும்வரை அத்தனை பதிவும் பூட்டில் இருக்கும். பிரைமரி கீ வரிசையில் ஐந்நூறு ஐந்நூறாக எடுத்து ஒவ்வொரு தொகுதிக்கும் கமிட் செய்யுங்கள். வெர்ஷன் எண்ணையும் கூட்டுங்கள், இல்லையென்றால் திறந்திருக்கும் ஃபார்ம் பழைய மாவட்டத்தைத் திரும்ப எழுதிவிடும்.

எட்டாம் படி: சோதனை

ஒரு ஆளாகக் கிளிக் செய்து பார்ப்பது சோதனை ஆகாது. ஒரே அறைக்கு இருபது ரெக்வெஸ்ட்டை ஒன்றாக அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். சரியாக ஒன்று வெல்ல வேண்டும், பத்தொன்பது தோற்க வேண்டும், டேபிளில் ஒரே ரசீது இருக்க வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இரண்டு நொடி ஸ்லீப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழை ஒளிந்திருந்தால் இதில் பெரும்பாலும் வெளியே வரும். நான் அந்த இரவுக்கு முன் இதைச் செய்திருந்தால் 204ல் மோதல் வந்திருக்காது.

ஓடும் சிஸ்டத்தில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க, போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி, பிஜி லாக்ஸ். மைஎஸ்க்யூஎலில் ஷோ என்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ். 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று நீண்ட நேரம் நிற்கும் இணைப்பு கண்ணில் பட்டால், கோடில் எங்கேயோ கமிட்டோ ரோல்பேக்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, அந்த பத்தொன்பது பேருக்கு என்ன காட்டுகிறீர்கள் என்பதையும் சோதனையில் சேருங்கள். அந்த லாட்ஜில் இப்போது 0 வந்ததும் 'அறை இல்லை' என்று திரை நிற்பதில்லை. அதே வாடகையில் காலியாக உள்ள அறையை ஸ்கிப் லாக்டு போட்டு எடுத்து, இரண்டு நிமிடத் துண்டு போட்டு, கவுண்டரில் காட்டுகிறது. பதிவில் 'படி ஏற முடியாதவர்' என்று குறித்திருந்தால் தரைத்தள அறைகளை முதலில் தேடுகிறது.